புரதத் தரமும் அமினோ அமில நிறைவும்: பொம்மிடி வட்டாரக் கேழ்வரகு உணவை முன்வைத்து

முன்னுரை

தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில், சேலம் – ஜோலார்பேட்டை இருப்புப்பாதையில் அமைந்த ஊர் பொம்மிடி. மானாவாரி நிலங்கள் மிகுந்த இவ்வட்டாரத்தில் கேழ்வரகு பன்னெடுங்கால உணவுத் தானியமாகும். 2023ஆம் ஆண்டில் நீலகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களிலும் நியாயவிலைக் கடைகளின் வழியாக, அரிசியில் ஒரு பகுதிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்து பெரிதும் பேசப்படுகிறது. அதன் புரதம் உடலுக்கு எந்த அளவு பயன்படும் என்பதோ உடன் உண்ணும் பருப்பைச் சார்ந்தது. இதனை அமினோ அமிலங்களின் அடிப்படையில் இக்கட்டுரை விளக்குகிறது.

புரதத்தின் அமைப்பும் பணிகளும்

இருபது வகை அமினோ அமிலங்கள் பெப்டைடு பிணைப்புகளால் கோக்கப்பட்டுப் புரதங்கள் உருவாகின்றன. கோக்கப்படும் வரிசையே புரதத்தின் வடிவத்தையும், வடிவமே அதன் பணியையும் தீர்மானிக்கின்றன. ஈமோகுளோபின் உயிர்வளியைச் சுமக்கிறது. நொதிகள் செரிமானம் முதலிய வேதிவினைகளை விரைவுபடுத்துகின்றன. எதிர்ப்பொருள்கள் நோய்க்கிருமிகளைத் தடுக்கின்றன. கொலாஜன் எலும்புக்கும் தோலுக்கும் உறுதி தருகிறது. கொலாஜனின் முப்புரி அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்மொழிந்தனர் என்பது இத்துறைக்குத் தமிழகம் அளித்த பெரும்பங்காகும்.

கட்டுப்படுத்தும் அமினோ அமிலம்

இருபதில் ஒன்பதை மனித உடல் தேவையான அளவு உருவாக்க இயலாது. உணவின் வழியே பெற வேண்டும். இவை இன்றியமையா அமினோ அமிலங்கள் எனப்படும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அக்குறையின் அளவுக்குப் புரத ஆக்கம் தடைப்படும்; எஞ்சிய அமினோ அமிலங்கள் சிதைக்கப்பட்டு ஆற்றலாகச் செலவாகும். அவ்வாறு குறைந்து நிற்பதே கட்டுப்படுத்தும் அமினோ அமிலம்.

கேழ்வரகில் அது லைசின். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உண்டு. அப்புரதத்தின் ஒரு கிராமில் லைசின் ஏறத்தாழ 28 மில்லிகிராம். வளர்ந்தோர்க்கு உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த அளவு 45 மில்லிகிராம். கொள்ளின் புரதத்தில் இது 70 மில்லிகிராமுக்குக் குறையாது. மறுபுறம், பருப்பு வகைகளில் குறைந்துள்ள மெத்தியோனின் கேழ்வரகில் போதிய அளவு உள்ளது.

மூன்றுக்கு ஒன்று

75 கிராம் கேழ்வரகும் 25 கிராம் கொள்ளும் சேர்ந்தால் ஏறத்தாழ 11 கிராம் புரதம் கிடைக்கும். அதில் லைசின் கிராமுக்கு 45 மில்லிகிராமைக் கடந்துவிடுகிறது. களியுடன் கொள்ளுக் கடையலை உண்பதும், கேழ்வரகு வயலில் அவரை, துவரையை ஊடுபயிராக இடுவதும் இந்நிறைவுக்கு வழிசெய்யும் மரபுகளாகும். எனினும் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. ஊறவைத்து, முளைகட்டி, நன்கு வேகவைப்பதால் அவை பெரிதும் குறைகின்றன.

நடைமுறைச் சிக்கல்

நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு மானிய விலையில் கிடைக்கிறது. நால்வர் கொண்ட குடும்பத்தில் இது ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் அளவே. 2 கிலோ கேழ்வரகுக்கு மட்டும் மூன்றுக்கு ஒன்று விகிதத்தில் ஏறத்தாழ 670 கிராம் பருப்பு வேண்டும். அரிசியிலும் லைசினே குறைவு என்பதால், மாத அரிசி முழுமைக்கும் எஞ்சிய பருப்பு ஈடாகாது. பால், முட்டை வாங்க இயலாத வீடுகளில் இக்குறை வளரும் குழந்தைகளையே மிகுதியும் பாதிக்கும். கிராம் எடைக்கு அவர்தம் லைசின் தேவை பெரியோரினும் மிகுதி.

முடிவுரை

புரதத்தின் அளவை மட்டும் கொண்டு உணவை மதிப்பிடுதல் போதாது. அதன் அமினோ அமில நிறைவும் கருதப்பட வேண்டும். கேழ்வரகை மீட்டெடுக்கும் முயற்சி, அதனுடன் விளைந்த கொள்ளையும் அவரையையும் சேர்த்து மீட்கும்போதே முழுமை பெறும்.