நுரையும் தோலும்

நுரை மிகுந்தால் அழுக்கு நன்கு நீங்கும் என்பது பலரது எண்ணம். ஷாம்பூ, பற்பசை, திரவச் சவர்க்காரம் முதலிய பலவற்றில் நுரையை உண்டாக்குவது சோடியம் இலோரைல் சல்பேற்று என்னும் பொருளாகும். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களுள் ஏறக்குறைய அரைப்பங்கு இலோரிக்கமிலமாகும். அதிலிருந்து பெறும் மதுசாரத்தைச் சல்பூரிக்கமிலத்துடன் தாக்கமுறச் செய்து, பின்னர் சோடியமைதரொட்சைட்டினால் நடுநிலையாக்க இப்பொருள் கிடைக்கும்.

இதன் மூலக்கூற்றில் 12 காபன் அணுக்களாலான வாலும் மின்னேற்றமுடைய தலையும் உள. வால் எண்ணெயை நாடும். தலை நீரை நாடும். ஆதலால் அழுக்கிலுள்ள எண்ணெய் நுண்டுளிகளாகப் பிரிந்து நீருடன் செல்கின்றது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பூமியின் கிணற்று வன்னீரில் சாதாரண சவர்க்காரம் கல்சியத்துடன் கூடி வீழ்படிவாகும். இப்பொருளோ அந்நீரிலும் நுரைக்கும்.

ஆயின், அழுக்கின் எண்ணெயையும் தோலின் எண்ணெயையும் வேறுபடுத்தும் ஆற்றல் இதற்கில்லை. தோலின் மேற்படை, இறந்த கலங்கள் செங்கற்கள் போல அடுக்கப்பட்டு, அவற்றிடையே கொழுப்புச் சாந்து பூசப்பட்ட சுவரை ஒத்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் ஒழிந்த இடங்களில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதிலொரு பங்களவே. இப்பொருள் அச்சாந்தைக் குலைப்பதுடன், கலங்களிலுள்ள கெரற்றின் என்னும் புரதத்துடன் பிணைந்து அதனை வீங்கச் செய்கின்றது. சுவர் தளர, உடலின் நீர் ஆவியாய் வெளியேறுகின்றது. வறட்சி, சிவப்பு, எரிவு என்பன தோன்றுகின்றன. தோலில் வேண்டுமென்றே உறுத்தலை உண்டாக்கி ஆராயும் மருத்துவர் இதனையே அளவுகோலாகக் கையாளுதல் குறிப்பிடத்தக்கது.

எனினும் இது நஞ்சன்று. புற்றுநோயை விளைக்கும் என்னும் வதந்திக்கும் சான்றில்லை. தீங்கின் அளவு, கரைசலின் செறிவையும் அது தோலிற்றங்கும் நேரத்தையும் பொறுத்தது. சிறிது நேரத்திற் கழுவி விடுபவருக்குப் பெரும்பாலும் கேடில்லை. நாள்முழுதும் கைகளை நுரையில் நனைக்கும் சலவைத் தொழிலாளர், சிகையலங்காரஞ் செய்வோர், மருத்துவத் தாதியர் ஆகியோருக்கும், கரப்பன் உடைய சிறுவருக்குமே இடர் மிகுதி. அன்னார் இதனினும் மென்மையான சோடியம் இலோரைல் ஈதர் சல்பேற்றுச் சேர்ந்தவற்றையோ, சல்பேற்று அற்றவற்றையோ தெரிதலும், நன்றாகக் கழுவியபின் தோலுக்கு ஈரங்காக்கும் களிம்பு பூசுதலும் நலம்.

நுரை கண்ணுக்கு இன்பந் தருவது. தூய்மையின் அளவுகோல் அஃதன்று.