ஆக்டேன் எண்ணும் பாச்சை உருண்டையும்



அரியலூரை அடுத்த ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலையும் இருப்பதை அறிவீர்கள். அவ்வூர்க் கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம், “பெட்ரோல் தொட்டியில் இரண்டு பாச்சை உருண்டை போட்டால் ஆக்டேன் ஏறி வண்டி பறக்கும் என்கிறார்களே, ஐயா, மெய்தானா?” என்று வினவினார். தம் பட்டறை நண்பர்களில் சிலர் அதனைச் செய்தே வருவதாகவும் கூறினார். அவருக்கு நான் கூற விரும்பிய விடையே இப்பேச்சு.

ஆக்டேன் எண் பெட்ரோலின் வலிமையைக் குறிப்பதன்று. அதன் பொறுமையைக் குறிப்பது எனலாம். எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நெருக்கப்படுகின்றன. மின்பொறி தோன்றியதும் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவவேண்டும். அது வந்து சேருமுன்பே, எஞ்சிய கலவை அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கமாட்டாமல் தானே வெடிக்குமானால், சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும். இதனையே ‘நாக்கிங்’ என்கின்றனர். நெடுநாள் தொடர்ந்தால் பிஸ்டனே பழுதாகும். ஐசோ ஆக்டேன் என்னும் பொருளுக்கு 100 என்றும், நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்றும் எண் வகுத்துள்ளனர். 91 பங்கு முன்னதும் 9 பங்கு பின்னதும் சேர்ந்த கலவையைப் போல் சோதனை எஞ்சினில் நடந்துகொள்ளும் பெட்ரோலின் எண் 91.

ரெட்டிபாளையத்தில் கல்லும் சிமெண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவை டீசலில் ஓடுபவை. டீசலோ அழுத்தத்தால் தானே தீப்பற்றியாக வேண்டும். அங்கே பொறுமை குணமன்று, குற்றம்!

எஞ்சினில் அழுத்தத்தைக் கூட்டினால் அதே எரிபொருளிலிருந்து மிகுதியான வேலையைப் பெறலாம். ஆதலால்தான் பொறியியலார் உயர்ந்த ஆக்டேனைத் தேடினர். 1921 டிசம்பரில் அமெரிக்கரான தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் ஈயம் என்னும் திரவத்தைச் சிறிதளவு சேர்த்தாலே தட்டொலி அடங்குவதைக் கண்டார். லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைந்த ஈயமே போதுமானதாயிற்று. மலிவான மருந்து, ஆனால் கொடிய நஞ்சு. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் அதனைச் செய்த தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். அம்மாத இறுதியில் மிட்ஜ்லி செய்தியாளர் முன் அத்திரவத்தில் கை கழுவிக் காட்டினார்; முந்திய ஆண்டில் ஈய நஞ்சுக்கு அவரே சிகிச்சை பெற்றிருந்தார் என்பதை எண்ணினால் வியப்பன்று, வருத்தமே உண்டாகிறது. வண்டிப் புகையில் கலந்த ஈயம் உலகெங்கும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்தது. இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நின்றது; உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் அதனைக் கைவிட்டது.

இனி உருண்டைக்கு வருவோம். நாஃப்தலீன் பெட்ரோலில் கரையும் என்பது உண்மை. ஆனால் அதன் ஆக்டேன் எண் நம் பெட்ரோலைவிட உயர்ந்ததென்று கொள்வதற்கில்லை. பெட்ரோல் ஆவியான இடங்களில் அது மீண்டும் படிகமாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கக்கூடும். எரியும்போது கரியையும் மிகுவிக்கும். இன்னொரு வகை உருண்டை பாரா டைகுளோரோ பென்சீனால் ஆனது. அதிலுள்ள குளோரின் எரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகும். எஞ்சினுக்குள் யாரேனும் அமிலம் ஊற்றுவார்களா?

வேறு சிலர் தின்னரை நாடுகின்றனர். டொலுவீன் என்னும் பொருளுக்கு மெய்யாகவே உயர்ந்த எண் உண்டு. அதனை 120 என்றே கொள்ளுங்கள். எண் 95 உள்ள பத்து லிட்டர் பெட்ரோலில் ஒரு லிட்டர் ஊற்றினால், தோராயக் கணக்கில் 97ஐச் சற்றே தாண்டும், அவ்வளவே. கடைத் தின்னரோ தூய டொலுவீனும் அன்று. பல கரைப்பான்களின் கலவையாகிய அது ரப்பர்க் குழாய்களை ஊதச் செய்யும்; அதன் ஆவி மூச்சுக்குக் கேடு; வீட்டில் ஊற்றிக் கலப்பவருக்குத் தீ விபத்து அருகிலேயே காத்திருக்கிறது.

சாராயம் சேர்க்கலாமே என்பாரும் உளர். இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். ஏனெனில் எத்தனால் உண்மையிலேயே நல்ல மருந்து. பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் உள்ளது போன்ற சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் மொலாசஸ் எனப்படும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து எத்தனால் எடுக்கலாம். அதன் ஆக்டேன் எண் 108 அளவில் உள்ளது. ஆனால் வெறும் காய்ச்சி வடித்தலால் அதிலுள்ள நீர் முழுவதையும் நீக்க முடியாது. நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கோடு நின்றுவிடும். எஞ்சிய நீரை நீக்க மூலக்கூறு சல்லடை போன்ற தனி முறைகள் வேண்டும். நீர் மிகுந்த சாராயத்தைப் பெட்ரோலில் விட்டால் அது தனியே பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எஞ்சினுக்கு முதலில் செல்வதும் அதுவே.

நீர் நீக்கிய எத்தனாலை நூற்றுக்கு 20 பங்கு கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் பரவியது. முன்பு 88 ஆகவும், பின்னர் 91 ஆகவும் இருந்த குறைந்தபட்ச எண், இக்கலவையில் 95 ஆயிற்று. அப்படியானால் வண்டி பறக்கவேண்டுமன்றோ? பறக்கவில்லை. மாறாக மைலேஜ் சற்றே குறைகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. எண் ஏறியது, ஆற்றல் இறங்கியது. இரண்டும் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தட்டொலி இல்லாத எஞ்சினுக்கு ஆக்டேனைக் கூட்டுவதால் பயனில்லை. அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று அளவிலுள்ள சாதாரண மோட்டார் சைக்கிள்கள் 91ஐ நம்பியே ஓடிவந்தவை. உங்கள் வண்டி மெய்யாகவே தட்டினால், உருளையில் படிந்த கரியை நீக்கச் சொல்லுங்கள். மின்பொறி எழும் நேரம் சரிதானா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மூவரை ஏற்றிக்கொண்டு மேட்டில் உயர்ந்த கியரிலேயே ஏறும்போது மட்டும் தட்டுகிறதென்றால், ஒருவரை இறக்கிவிட்டு, கியரையும் ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள்.