ஸ்டேட்டினும் தசைவலியும்
ஸ்டேட்டின் என்பது கல்லீரலில் கொலஸ்டிரால் உருவாகத் தேவையான ஒரு நொதியைத் தடுக்கும் மருந்து வகை. இதை உட்கொள்வோர் அதிகம் கூறும் குறை தசைவலி. 2020இல் வெளியான சாம்சன் ஆய்வில், பக்கவிளைவால் ஸ்டேட்டினைக் கைவிட்ட 60 பேருக்குச் சில மாதங்கள் அடோர்வாஸ்டேட்டினும், சில மாதங்கள் மருந்தற்ற போலி மாத்திரையும், எது எதுவெனச் சொல்லாமல் தரப்பட்டன. ஸ்டேட்டின் மாதங்களில் தோன்றிய தொல்லையில் ஏறத்தாழ 90 விழுக்காடு போலி மாத்திரையிலும் தோன்றியது. வலி உண்மையானதே, பக்கவிளைவு வருமென்ற எதிர்பார்ப்பே அதைப் பெரிதும் தூண்டியது. முடிவை அறிந்தபின் பாதிப்பேர் மருந்தை மீண்டும் தொடங்கினர்.

ஆகவே தாமாக நிறுத்தலாகாது. மருத்துவர் அளவைக் குறைப்பார், வேறு ஸ்டேட்டினுக்கு மாற்றுவார். அதுவும் ஒவ்வாவிடில் எசெட்டிமைப், பெம்பிடோயிக் அமிலம் ஆகியவை உண்டு. பெம்பிடோயிக் அமிலம் கல்லீரலில்தான் செயல்நிலை பெறுகிறது, தசையில் அல்ல. 'இயற்கை மாற்று' என விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசியிலுள்ள மோனகோலின் கே, லோவாஸ்டேட்டினேதான்! கடும் தசைவலியுடன் சிறுநீர் கருத்துப் போனால், அரிதான தசைச் சிதைவாக இருக்கலாம். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.