மின்சாரம் இல்லாத வீட்டிலிருந்து கல்லூரி முதல்வர் பதவி வரை



‘புலனாய்வு’ என்ற சொல்லைக் கேட்டாலே எம்மில் பலருக்கு நெஞ்சு பதறும். சுற்றிவளைப்பு, தலையாட்டி, விசாரணை, கூட்டிச் சென்று திரும்பி வராத பிள்ளை என்று எத்தனையோ நினைவுகள் அந்தச் சொல்லோடு சேர்ந்து வருகின்றன. அப்படியான துறையில் முப்பது வருடங்களுக்கு மேல் பணியாற்றிவிட்டு, பின்னர் ஒரு பெண்கள் கல்லூரியின் முதல்வரான ஒரு பெண்ணைப் பற்றித்தான் இம்மாதம் பார்க்கப் போகின்றோம். அவரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அவரது வாழ்க்கையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு, கேள்வி கேட்க வேண்டியதும் உண்டு.

தாயே ஆசிரியை

அவரது பெயர் டப்னி பார்க். 1921இல் இங்கிலாந்தில் பிறந்தார். வளர்ந்தது ஆபிரிக்காவில், இன்று தன்சானியா என்று அழைக்கப்படும் நாட்டில். தந்தையார் தோட்டம் செய்தும் தங்கம் தேடியும் பார்த்தார், செல்வம் சேரவில்லை. மண்கல்லால் கட்டிய வீடு. மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, பக்கத்தில் பாடசாலையும் இல்லை. தபாலில் வரும் பாடங்களை வைத்துத் தாயாரே மகளுக்குக் கற்பித்தார்.

பதினொரு வயதில் மகளை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். தெருவுக்கு வந்து சேரவே மூன்று நாள் நடக்க வேண்டியிருந்தது என்று பிற்காலத்தில் அவர் சொல்லுவார். அதன்பின் பல வருடங்கள் பெற்றோரின் முகத்தைக் காணவில்லை. உறவினர் வீட்டில் நின்று, லண்டனில் சாதாரண பெண்கள் பாடசாலையில் படித்து, புலமைப்பரிசில் உதவியோடு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் சமர்வில் கல்லூரிக்குப் போனார். 1943இல் பிரெஞ்சு மொழியில் பட்டம் பெற்றார்.

யுத்தமும் இரகசியப் பணியும்

அது இரண்டாம் உலக யுத்த காலம். பெண்கள் தொண்டர் படையில் சேர்ந்த டப்னி, பிரான்சில் எதிரியின் பிரதேசத்துக்குள் இறங்கவிருந்த இராணுவத்தினருக்கு இரகசியக் குறியீட்டு எழுத்தைக் கற்பித்தார். மேலதிகாரி ஒருவரின் திறமைக்குறைவை வெளிப்படையாகச் சொன்னதால் அந்த வேலையை இழந்தார். யுத்தம் முடிந்ததும் வியன்னாவில் ஜேர்மன் விஞ்ஞானிகளைத் தேடும் இராணுவப் புலனாய்வு அலுவலகமொன்றில் பணி. 1948இல் பிரித்தானியாவின் வெளிநாட்டு உளவுச் சேவையான எம்.ஐ.6இல் சேர்ந்தார். வெளியுலகுக்கு அவர் தூதரக உத்தியோகத்தர் மட்டுமே.

மொஸ்கோ, கொங்கோ, சாம்பியா, வியட்நாம், மொங்கோலியா என்று பல நாடுகளில் கடமையாற்றினார். அமெரிக்க யுத்தம் நடந்த 1969, 1970ஆம் ஆண்டுகளில் ஹனோய் நகரில் இருந்தபோது ஒரு சைக்கிள் வைத்திருக்கக்கூட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லையாம். ஆண்களே நிறைந்திருந்த அந்தச் சேவையில், 1975இல் ஒரு பிராந்தியம் முழுவதற்கும் பொறுப்பான உயர் பதவிக்கு வந்தார்.

விடை கிடைக்காத கேள்வி

கொங்கோ நாடு 1960 யூன் 30இல் சுதந்திரம் அடைந்தது. அதன் முதலாவது பிரதமர் பற்றிஸ் லுமும்பா ஏழு மாதங்களுக்குள், 1961 ஜனவரி 17இல், சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் அமிலத்தில் கரைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் கொங்கோவில் எம்.ஐ.6இன் பொறுப்பாளராக இருந்தவர் டப்னி பார்க். இறப்பதற்கு முன் அவர் தம்மிடம், அந்தக் கொலையை ஒழுங்கு செய்தது தாமே என்று சொன்னதாகப் பிரித்தானியப் பிரபுக்கள் சபை உறுப்பினர் ஒருவர் 2013இல் எழுதினார். அதை உறுதிப்படுத்தும் ஆவணம் எதுவும் வெளிவரவில்லை. பதில் சொல்ல அவரும் உயிரோடு இல்லை. 2022இல் லுமும்பாவின் பிள்ளைகளுக்கு பெல்ஜியம் திருப்பிக் கொடுத்தது தகப்பனின் ஒரேயொரு பல்லை மட்டுமே. 61 வருடங்கள் காத்திருந்த அந்தப் பிள்ளைகளின் வேதனை, படங்களை ஏந்திக்கொண்டு தெருவோரம் இருக்கும் எமது தாய்மாருக்கு விளங்கும். இரகசியமாகச் செய்யப்படும் வேலைக்கு யார் கணக்குக் கொடுப்பது? திறமையான ஒரு பெண் அந்த வேலையில் இருந்தார் என்பதால் இந்தக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

படித்த இடத்துக்கே முதல்வராக

1979இல் ஓய்வு பெற்றார். மறுவருடம், தாம் படித்த அதே சமர்வில் கல்லூரிக்கு முதல்வராகத் தெரிவானார். அப்போது வயது ஐம்பத்தெட்டைத் தாண்டியிருந்தது. 1879இல் பெண்களுக்காகவே தொடங்கப்பட்ட கல்லூரி அது. ஒக்ஸ்போர்ட்டில் பெண்கள் படிக்கலாம், ஆனால் பட்டம் இல்லை என்ற நிலை 1920 வரை இருந்தது. இந்தியாவின் கொர்னேலியா சொராப்ஜி 1889இல் அங்கு போய்ச் சட்டம் படித்தார். இந்திரா காந்தியும் மார்கரெட் தட்சரும் அங்கு படித்தவர்களே. முதலாம் உலக யுத்தத்தில், 1915இல், மாணவிகளை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு அந்தக் கட்டடங்களைக் காயமடைந்த படையினரின் வைத்தியசாலையாக மாற்றினார்கள். யுத்தத்தில் பாடசாலைகளை இழந்தவர்கள் நாம் மட்டுமல்ல.

அரசாங்கம் பல்கலைக்கழகங்களுக்கான பணத்தைக் குறைத்த காலத்தில் அவர் முதல்வராக இருந்தார். பலரிடமும் போய்க் கல்லூரிக்கு நிதி சேர்த்தார். 1989 வரை அப்பதவியில் இருந்து, 1990இல் பிரபுக்கள் சபை உறுப்பினரானார். 2010 மார்ச் மாதம் 88ஆவது வயதில் காலமானார்.

எமக்கு என்ன?

சகோதரிகளே, உளவு வேலை எமக்கு வேண்டாம். ஆனால் பாடசாலை இல்லாத இடத்தில் தபாலில் வந்த பாடத்தைப் பிரித்து மகளுக்குச் சொல்லிக் கொடுத்த அந்தத் தாய் எமக்கு அந்நியமானவர் அல்ல. முகாமிலும் மரநிழலிலும் எமது பிள்ளைகளும் அப்படித்தான் படித்தார்கள்.

இடம்பெயர்வால் படிப்பை இடையில் விட்டவர்கள், ‘இனி எனக்கு என்ன படிப்பு’ என்று சொல்ல வேண்டாம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் கற்கைநெறிகள் வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு படிப்பவர்களுக்கென்றே அமைந்தவை. தனியே குடும்பத்தைத் தாங்கும் தாய்மாரே, கருவாடு காயப்போடும் நேரத்திலும் மகளின் கொப்பியை ஒரு தடவை திறந்து பாருங்கள். உங்களுக்கு விளங்காவிட்டால், ‘இதை எனக்குச் சொல்லித்தா’ என்று அவளிடமே கேளுங்கள். சொல்லிக் கொடுக்கும்போது அவளுக்கு அது இன்னும் நன்றாக விளங்கும்.