கூண்டினுள் ஒரு சுழற்சி

சர்க்கஸ் அரங்கில், உருண்டை வடிவான இரும்புக் கூண்டினுள் வீரன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் மேலும் கீழுமாகச் சுழல்கின்றான். உச்சியில் தலைகீழாய்ச் செல்லுங்கால் அவன் விழாதிருத்தல் எங்ஙனம்? காண்போர் நெஞ்சம் பதறுவதும் அவ்விடத்தேதான்.

வட்டமாய்ச் செல்லும் பொருளை அதன் மையம் நோக்கி ஈர்க்க ஒரு விசை வேண்டும். உச்சியில் புவியீர்ப்பே அப்பணியைச் செய்கின்றது. அவனை வீழ்த்த வேண்டிய விசை, அவன் பாதையை வளைப்பதிலேயே செலவாகிவிடுகின்றது. அவன் சுழலும் வட்டத்தின் ஆரம் 2.5 மீட்டராயின், ஆங்கு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டரேனும் இருத்தல் வேண்டும். அதனிற் குறைந்தால் சக்கரம் கம்பிகளை விட்டு அகலும். உயிருக்கே இடர் நேரும்.

அடியிலோ ஈர்ப்பு, மையத்திற்கு எதிர்ப்புறமாக இழுக்கும். கூண்டு அதனையும் தாங்கிப் பாதையையும் வளைத்தல் வேண்டும். ஆதலால், அதே வேகத்தில் சென்றாலும், வீரனும் வண்டியும் சேர்ந்த எடையைப்போல் இருமடங்கு பாரத்தைக் கம்பிகள் அவ்விடத்தில் ஏற்கின்றன.