விண்மீன்களைப் பிறப்பிக்கும் கருந்துளை

ஒளியைக்கூடத் தப்பவிடாத ஈர்ப்புவிசை கொண்ட கருந்துளை, தன்னை நோக்கி வரும் வாயு முழுவதையும் விழுங்குவதில்லை. அதன் ஒரு பகுதி, உள்ளே விழுவதற்கு முன்பே காந்தப்புலங்களின் உந்துதலால் மிகுந்த வேகத்துடன் வெளியே பீறிடுகிறது. தாரை எனப்படும் இந்தப் பாய்ச்சல், பெரிய விண்மீன் மண்டலங்களில் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கிக் குளிர விடாமல் தடுப்பதால், குளிர்ந்து சுருங்கும் வாயுவிலிருந்தே பிறக்க வேண்டிய புதிய விண்மீன்கள் அங்கு அரிதாகின்றன.

பூமியிலிருந்து சுமார் 3 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஹெனைஸ் 2-10 என்னும் குறுமண்டலமோ இதற்கு நேர்மாறான காட்சியைத் தருகிறது. அதன் மையத்தில், சூரியனைப் போல் ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை இருப்பதற்கான சான்றுகளை வானியலாளர் ஆமி ரைன்ஸ் குழுவினர் 2011இல் வெளியிட்டபோது, அவை வெடித்த விண்மீனின் எச்சத்திலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. ஹப்பிள் தொலைநோக்கி பதிவுசெய்த நிறமாலையை, அதாவது அலைநீளவாரியாகப் பிரிக்கப்பட்ட ஒளியை, ஆராய்ந்து சக்கரி ஷட் என்பவருடன் சேர்ந்து ரைன்ஸ் 2022இல் வெளியிட்ட ஆய்வு, கருந்துளையிலிருந்து கிளம்பும் வாயு, திருகுபோல் மெல்லச் சுழன்றபடி, சுமார் 230 ஒளியாண்டு தள்ளியுள்ள அடர்ந்த வாயுத்திரளில் மோதுவதையும், மோதிய இடத்திலேயே இளம் விண்மீன் கொத்துகள் ஒளிர்வதையும் காட்டியது. பாய்ச்சலின் வேகம், மணிக்குச் சுமார் 16 லட்சம் கிலோமீட்டர் என்றாலும், பெருமண்டலத் தாரைகளை நோக்க மிகக் குறைவு என்பதால், அது வாயுவைச் சிதறடிக்காமல் நெருக்கி அழுத்தியது என்பதே இந்த ஆய்வின் மிக அழகான பகுதி.