இறாலின் ருசியைத் திருடுவது யார்?

ஸ்ரீபெரும்புதூரிலும் ஓரகடத்திலும் கார் செய்கிறார்கள். மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். செல்போன் செய்கிறார்கள். அங்கே இல்லாதது கடல்!

ஆனாலும் அங்குள்ள வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை இறால் குழம்பு கொதிக்கிறது. இறால் வளர்க்கும் குளங்களோ கடலோரத்தில் இருக்கின்றன. பொன்னேரி, மரக்காணம், நாகப்பட்டினம் பக்கங்களில் அவற்றைக் காணலாம். அங்கே பிடித்த இறால் உள்நாட்டுச் சமையல் அறைக்கு வர நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டும்.

அந்தப் பயணத்தில்தான் ருசி திருட்டுப் போகிறது. திருடர்கள் இரண்டு பேர். ஒருவன் பெயர் வெப்பம். மற்றவன் பெயர் தாமதம்.

நான்கு மாதப் பாடு

இன்று குளங்களில் பெரும்பாலும் வளர்வது 'வனாமி' என்ற இறால். இது அமெரிக்காக் கண்டத்தின் பசிபிக் கடற்கரையைச் சேர்ந்த இனம். 2009-ஆம் ஆண்டில் இதை இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்தது.

குஞ்சு விட்டுப் பிடிப்பதற்கு 3 அல்லது 4 மாதம் ஆகும். தீனி, மின்சாரம், கூலி என்று பணம் கரையும். இவ்வளவு பாடுபட்டு வளர்த்த இறாலைச் சில மணி நேர அலட்சியம் கெடுத்துவிடும்.

ஆகவே, பிடிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துகிறார்கள். குடல் காலியாக இருந்தால் இறால் சீக்கிரம் கெடாது. ஓடு கழற்றும் சமயத்தில் பிடிப்பதில்லை. அப்போது ஓடு மெத்தென்று இருக்கும், விலை போகாது.

பிடித்தவுடன் இறாலை ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். பிறகு பெட்டியில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு இறால். ஒரு கிலோ இறாலுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொதுவான கணக்கு.

தலையில் இருக்கிறது ஆபத்து

இவ்வளவு அவசரம் ஏன்?

இறாலின் ஜீரண உறுப்பு தலைப் பகுதியில் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது தீனியைக் கரைத்த ரசங்கள், இறந்த பிறகு இறாலின் சதையையே கரைக்கத் தொடங்கும். தலை தொங்கும். சதை குழையும். கிருமிகளும் பெருகும். ஐஸில் இந்த வேலை மெதுவாக நடக்கும். வெயிலில் வேகமாக நடக்கும்.

கறுப்புப் புள்ளி

வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறது அல்லவா? இறாலின் ஓட்டிலும் அதுவே நடக்கிறது. ஓட்டில் உள்ள ஒரு பொருள், காற்றில் உள்ள பிராணவாயுவோடு சேர்ந்து கறுப்பு நிறத்தை உண்டாக்குகிறது. இந்தக் கறுப்பு விஷம் அல்ல. ஆனால் பார்ப்பவர் முகம் சுளிப்பார். விவசாயிக்கு விலை இறங்கும்.

கறுக்காமல் இருக்க, இறாலை 'மெட்டாபைசல்பைட்' என்ற மருந்துக் கரைசலில் முக்குவது உண்டு. இதற்கு அளவு இருக்கிறது. பச்சை இறாலின் தின்னும் பகுதியில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இது தங்கக் கூடாது என்பது 'கோடெக்ஸ்' என்ற சர்வதேச உணவு விதி. ஆஸ்துமா உள்ள சிலருக்கு இந்த மருந்து மூச்சுத் திணறலை உண்டாக்கும். அளவு மீறுவது குற்றம்!

உறைந்த இறால் மட்டமா?

'ஐஸ் பெட்டி இறால் பழசு' என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி அல்ல.

கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்ற அமெரிக்கர் 1912-ல் லாப்ரடாருக்குச் சென்றார். அது இன்று கனடாவைச் சேர்ந்த பனிப் பிரதேசம். அங்கே கடுங்குளிரில் பிடித்த மீன் நொடியில் உறைந்தது. மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் ருசி குறையவில்லை. இதைக் கண்ட அவர் வேகமாக உறைய வைக்கும் முறையை வியாபாரம் ஆக்கினார்.

வேகம் ஏன் முக்கியம்? மெதுவாக உறைந்தால் சதைக்குள் பெரிய பனி ஊசிகள் உண்டாகும். அவை சதையைக் குத்திக் கிழிக்கும். உருகும்போது சாறு வடிந்துவிடும், சதை சக்கையாகும். வேகமாக உறைந்தால் ஊசிகள் மிகச் சிறியவை; சாறு சதையிலேயே நிற்கும்.

ஆகவே தொழிற்சாலைகளில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை குளிர வைத்து உறைய வைக்கிறார்கள். பிறகு பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் அல்லது அதைவிடக் குளிரில் சேமிக்கிறார்கள். இறாலின் மேல் மெல்லிய பனிப் போர்வை பூசுவதும் உண்டு. சதை வறண்டு போகாமல் அது காக்கும். போர்வை தடித்தால், பனிக்கட்டிக்கும் சேர்த்துக் காசு கொடுக்க நேரிடும்!

2023-24-ஆம் ஆண்டில் இந்தியா 7 லட்சம் டன்னுக்கும் அதிகமான உறைந்த இறாலை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. அதன் மதிப்பு சுமார் 40,000 கோடி ரூபாய்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

இறால் விறைப்பாக, பளபளப்பாக இருக்க வேண்டும். தலை உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். நவச்சார நெடி அடித்தால் வாங்காதீர்கள்.

கடைசியாக வாங்குங்கள், முதலில் வீட்டுக்குக் கொண்டு போங்கள். அன்றே சமைக்காவிட்டால், சுத்தம் செய்து உறை பெட்டியில் வையுங்கள். உறைந்த இறாலைப் பிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து உருகவிடுங்கள். உருகியதை மறுபடியும் உறைய வைக்காதீர்கள்.

கெட்ட இறாலை எந்த மசாலாவாலும் திருத்த முடியாது. கெட்டுப் போகாமல் காக்கத்தான் முடியும். ஆகவே கடைக்காரரிடம் விலையை மட்டும் கேட்காதீர்கள், 'ஐஸில் இருந்ததா?' என்றும் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்டால்தான் விற்கிறவர்கள் ஐஸ் போடுவார்கள்!